கப்பலில் நமக்கு என்ன இடம்?

திண்டுக்கல் சீமையின் திரை வரலாறு – 12

சென்ற இதழில் சிறுமலை அடிவாரத்திலிருந்து வத்தலக்குண்டு வரை பரவிக் கிடந்த டூரிங் கொட்டகைகளைப் பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் அந்தக் கொட்டகைகளில் தரை டிக்கெட் வாங்கி மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். பூட்டுப் பட்டறையில் அரம் தேய்த்தவர்கள், பேகம்பூர்த் தோல் ஷாப்பில் நின்றவர்கள், சின்னாளபட்டித் தறிக்காரர்கள், நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காரர்கள். திரையில் வந்த எல்லாத் தலைவர்களையும் இவர்கள் பார்த்தார்கள். சிலரைத் தோளில் தூக்கினார்கள். சிலரைக் கையெடுத்துக் கும்பிட்டு, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஏன் அப்படி? நடிப்பு, பணம், விளம்பரம், எழுத்து, இசை எல்லாம் இருந்தும் சில தலைவர்கள் ரசிகர்களிடம் ஏன் எடுபடவில்லை? கடலில் கப்பல் செலுத்திய தலைவர்களும் வானத்தில் கலம் செலுத்திய தலைவர்களும் இந்தக் கேள்விக்கு நல்ல சாட்சிகள். கப்பல் என்பது சின்ன இடம். தலைவன் யார், அவனை நம்பி ஏறியவர் யார், பாய்மரத்தை யார் இழுக்கிறார் என்பதெல்லாம் அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

வத்தலக்குண்டுக்காரர் துணை நின்ற கப்பல்

1961 தீபாவளிக்கு வந்த படம் ‘கப்பலோட்டிய தமிழன்’. ம.பொ.சி. எழுதிய வாழ்க்கை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கியது. வ.உ.சி.யாக சிவாஜி கணேசன், பாரதியாக எஸ்.வி. சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம்.

நம் சீமைக்கு இந்தப் படத்தில் தனி உரிமை உண்டு. சுப்பிரமணிய சிவா 1884 அக்டோபர் 4 அன்று வத்தலக்குண்டில் பிறந்தவர். தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு மேடையேறி, கோரல் மில் தொழிலாளர்களைத் தட்டி எழுப்பி, 1908 மார்ச்சில் அவரோடு சேர்ந்து கைதானவர். அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் சிறை சிவாவுக்குத் தொழுநோயைக் கொடுத்தனுப்பியது.

படத்தை நெருங்கிப் பார்ப்போம். வ.உ.சி. சிறை செல்லும்போது ஊரே கொந்தளிக்கிறது. உள்ளே மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுக்கிறார். சிவாஜியின் தோள்பட்டையும் மூச்சும் அந்தக் காட்சியில் பேசுவதை இன்றைக்குப் பார்த்தாலும் நெஞ்சு அடைக்கும். பிறகு விடுதலை. சிறைக் கதவு திறக்கிறது. மாலையோடு கூட்டம் நிற்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் வெட்டவெளி. நோய் தின்ற உடலைத் துணியால் மூடிக்கொண்டு சிவா மட்டும் நிற்கிறார். வ.உ.சி.க்கே அடையாளம் தெரியவில்லை.

தமிழ்த் திரையின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று இது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் படத்துக்குக் கிடைத்தது. தன் தந்தையையே நேரில் கண்டதுபோல் இருந்தது என்று வ.உ.சி.யின் மகன் சொன்னதைத் தனக்குக் கிடைத்த பெரிய விருதாக சிவாஜி கருதினார். வசூலில் மட்டும் படம் தேறவில்லை.

ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். இந்தப் பழியை நான் ஏற்கவில்லை. தரை டிக்கெட்டில் இருப்பவன் தன்னை வைத்துப் பார்க்கத்தான் படத்துக்கு வருகிறான். இந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் அவனுக்கு ஒதுக்கப்பட்ட இடம் எது? சிறை வாசலுக்கு வராமல் போன ஊர்ஜனத்தின் இடம். படம் உண்மையைச் சொன்னது. அந்த உண்மை பார்ப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அவன் அழுதான், கும்பிட்டான், மறுபடி டிக்கெட் எடுக்க வரவில்லை.

நிஜமான வ.உ.சி. செய்தது வேறு. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது 10 லட்ச ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். நாலு முதலாளிகள் சேர்ந்தே போட்டிருக்கக்கூடிய கம்பெனியில், கடைக்காரரும் குமாஸ்தாவும் தம் பெயரில் பங்கு வைத்துக்கொள்ள வழி செய்தார். கப்பலில் சாதாரணனுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சிவாவும் முன்னால் நின்றதும் அதே அறிவினால்தான். திரையில் நிலைத்தது அவருடைய தனிமை. அவர் கூட்டிய கூட்டம் பின்னுக்குப் போய்விட்டது.

அதே இயக்குநர், இன்னொரு கப்பல்

பந்துலு சளைக்கவில்லை. 1964 பொங்கலுக்கு ‘கர்ணன்’ கொண்டுவந்தார். கொட்டிய பணத்துக்கு ஏற்ற வசூல் இல்லை. அதே நாளில் வெளியான எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ கூட்டத்தை இழுத்துக்கொண்டது. அடுத்து பந்துலு எம்.ஜி.ஆரிடம் போனார். 1965 ஜூலையில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. மறுபடியும் ஒரு கப்பல், மறுபடியும் சிறைப்பட்ட தலைவன். இந்தமுறை படம் பெரும் வெற்றி.

கதையின் வேர் வெளிநாட்டிலிருந்து வந்தது. சபாட்டினியின் நாவலை வைத்து 1935இல் ஹாலிவுட் எடுத்த ‘கேப்டன் பிளட்’ படத்தின் சாயல் இதில் உண்டு. ஆனால் மணிமாறன் நம்மவனாக ஆன விதத்தைக் கவனிக்க வேண்டும். அவன் மருத்துவன். காயம்பட்ட கலகக்காரர்களுக்கு மருந்து கட்டியதற்காகப் பிடிபடுகிறான். அவர்களோடு சேர்த்துக் கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். அங்கே அவனும் மற்றவர்கள்போல் உழைக்கிறான், அடிபடுகிறான். தப்பிக்கும் வழி பிறக்கும்போது கூட்டாளிகள் ஒன்றாகத் தப்புகிறார்கள். கப்பல் கைக்கு வந்ததும் அவனைத் தலைவனாக ஏற்றுக்கொள்வது அந்தக் கூட்டாளிகள்.

இரண்டு படத்திலும் தலைவன் துன்பப்படுகிறான். இரண்டிலும் நடிகர் உச்சத்தில் இருந்தவர். இயக்குநர் ஒருவரே. வ.உ.சி. செக்கிழுக்கும்போது நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மணிமாறன் அடிமைச் சந்தையில் நிற்கும்போது வரிசையில் அடுத்த ஆள் நாமாக இருக்கிறோம். பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனுக்கு இந்த இரண்டாவது கப்பலில் இடம் கிடைத்தது. அவன் திரும்பத் திரும்ப ஏறினான்.

வேற்றுக்கிரகம் போன மோகன்

எம்.ஜி.ஆர். முகம் இருந்தால் போதும், படம் ஓடிவிடும் என்று நினைப்பவர்கள் 1963இல் வந்த ‘கலை அரசி’யைப் பார்க்க வேண்டும். ஏ. காசிலிங்கம் இயக்கியது. ககாரின் விண்ணுக்குப் போய் இரண்டே ஆண்டுகளில், தமிழில் விண்வெளிப் பயணத்தையும் வேற்றுக்கிரகவாசிகளையும் காட்டிய படம். இந்தியத் திரைக்கே இது முன்னோடி முயற்சி.

வேற்றுக்கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, கலை இல்லை. பாட்டும் ஆட்டமும் கற்றுத்தர ஆள் தேடுகிறார்கள். பானுமதி நடித்த வாணியை நம்பியார் கடத்திப் போகிறார். எம்.ஜி.ஆரின் மோகன் அங்கிருந்து வந்த கோமாளியின் வேடத்தைப் போட்டுக்கொண்டு அந்த உலகத்துக்குப் போய் அவளை மீட்கிறான்.

கற்பனையில் குறை இல்லை. பானுமதியின் குரல், நம்பியாரின் மிரட்டல், கே.வி. மகாதேவன் இசை எல்லாம் இருந்தன. ஆனாலும் எம்.ஜி.ஆரின் பெருவெற்றிப் படங்களைச் சொல்லும்போது இதன் பெயர் வருவதில்லை. காரணத்தைக் கதையிலேயே காணலாம். மோகன் தனியாகப் போகிறான், காதலிக்காகப் போகிறான், அழைத்துக்கொண்டு திரும்புகிறான். அந்தக் கிரகத்தில் விடுவிக்க வேண்டிய ஜனம் இல்லை. அவன் கலத்தில் தோழர்கள் இல்லை. ரசிகன் ஏறி உட்கார அங்கே இருக்கையே போடப்படவில்லை.

அமெரிக்கக் கலத்தில் நடந்தது

இந்தக் குணம் நம் ரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று. 1966 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியது. தொடர் மூன்றாம் ஆண்டுக்குப் போகுமா என்ற நிலை வந்தபோது ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதித் தொலைக்காட்சி நிறுவனத்தை அசைத்தார்கள். நம்மூரில் மன்றம் செய்ததை அங்கே தபால் செய்தது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தொடரின் கலத்தலைவர்களை ரசிகர்கள் எடை போட்டு வந்திருக்கிறார்கள்.

அதே வரிசையில் 2001இல் வந்த தொடரில் ஜோனதன் ஆர்ச்சர் தலைவன். புது வேகத்தில் செல்லும் அந்தக் கலத்தின் எந்திரத்தை வடிவமைத்தவர் அவனுடைய தந்தை. முன்னோடித் தொடர்கள் மூன்று ஏழேழு பருவம் ஓடியிருக்க, இது நான்கோடு 2005இல் நின்றது. நடித்த ஸ்காட் பகுலா தேர்ந்த நடிகர், தொடரை விரும்பியவர்களும் உண்டு. ஆனால் ஆர்ச்சரின் மேல் பழைய ரசிகர்களுக்கு வந்த ஈர்ப்பு குறைவு. தந்தை வடிவமைத்த எந்திரம், மகன் கையில் தலைமை என்று தொடங்கும் கதையில் மாலுமிகள் அவனைத் தேர்ந்தெடுக்கும் நாளே வருவதில்லை.

கிறிஸ்டோபர் பைக் கதை இதற்கு நேர்மாறு. ஸ்டார் ட்ரெக்கின் முதல் மாதிரிப் படத்தில் அவன்தான் தலைவன். தொலைக்காட்சி நிறுவனம் அதை ஏற்கவில்லை. அவன் இடத்துக்கு கிர்க் வந்தான். அரை நூற்றாண்டு கழித்து 2019இல் வேறொரு தொடரில் பைக் திரும்பினான். தன் உடல் சிதைந்து நாற்காலியில் முடங்கப்போகும் எதிர்காலத்தை முன்கூட்டியே பார்க்கிறான். தன்னை நம்பியவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அந்த எதிர்காலத்தை ஏற்றுக்கொள்கிறான். ரசிகர்கள் அவனுக்குத் தனித் தொடர் கேட்டார்கள். 2022இல் அது வந்தது. ஓரங்கட்டப்பட்ட தலைவன், மாலுமிகளுக்காக விலை கொடுத்தபோது ரசிகர்களிடம் இடம் பிடித்தான்.

நியமிக்கப்பட்ட நாயகன்

மறுபடி தமிழ்நாட்டுக்கு வருவோம். 1972 ஜூனில் ‘பிள்ளையோ பிள்ளை’ வெளியானது. முதலமைச்சர் கருணாநிதியின் மூத்த மகன் மு.க. முத்து நாயகன். கதை வசனம் கருணாநிதி. ‘பராசக்தி’யை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். முத்துவுக்குச் சொந்தக் குரலில் பாடும் வரம் இருந்தது. அவர் பாடிய பாடல்கள் சில இன்றும் விரும்பிக் கேட்கப்படுகின்றன. திறமை இல்லாதவர் என்று அவரை ஒதுக்குவது நியாயமாகாது. 2025 ஜூலையில் அவர் மறைந்தபோது கட்சி பாராமல் பலரும் அந்தக் குரலை நினைவுகூர்ந்தார்கள்.

‘பூக்காரி’, ‘சமையல்காரன்’, ‘அணையா விளக்கு’ என்று படங்கள் தொடர்ந்தன. நடை, உடை, சண்டை, பாட்டு எல்லாம் எம்.ஜி.ஆர். பாணியில் இருந்தன. ஊர் ஊராக முத்துவின் பெயரில் மன்றங்கள் முளைத்தன. ஏற்கெனவே மன்றம் வைத்திருந்த எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு இது மனத்தாங்கலாயிற்று.

எம்.ஜி.ஆர். 1936இல் ‘சதிலீலாவதி’யில் சின்ன வேடத்தில் தலைகாட்டியவர். ‘ராஜகுமாரி’யில் நாயகனாக நிற்க 1947 வரை காத்திருந்தார். ரசிகன் அந்த ஏற்றத்தைப் படிப்படியாகப் பார்த்தான். ஒவ்வொரு படியிலும் தன் கை இருந்ததாக நம்பினான். தட்டி கட்டியது, தோரணம் தொங்கவிட்டது, படப்பெட்டி வரும் பஸ்ஸுக்காக விடிய விடியக் காத்திருந்தது எல்லாம் அந்த நம்பிக்கையின் வேலைகள். முத்து விஷயத்தில் இந்த வேலை எதுவும் மிச்சமில்லை. எல்லாம் மேலிருந்து தயாராக வந்துவிட்டது. கைதட்டுவது மட்டுமே ரசிகனுக்கு விடப்பட்டது. ஒருவரை ஏற்றிவைத்துப் பழகியவர்களிடம் இனி இவர்தான் என்று சொன்னால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்?

1973 மே: திண்டுக்கல் சொன்ன பதில்

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். 17ஆம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. அதற்கு ஏழு மாதம் ஆனபோது திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அன்று திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1971இல் 184 சட்டமன்ற இடங்களை அள்ளிய தி.மு.க. ஆட்சியில் இருந்தது. இந்தத் தொகுதியும் அதன் கையில் இருந்ததுதான்.

அ.தி.மு.க. வேட்பாளர் வழக்கறிஞர் கே. மாயத்தேவர். புதுக் கட்சிக்குச் சொந்தச் சின்னம் கிடையாது. தேர்தல் அதிகாரி காட்டிய சின்னங்களிலிருந்து இரட்டை இலையை அவர் எடுத்தார். சுவரில் வரைய சுலபம் என்பதால் எடுத்தேன் என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். கட்சியின் வாழ்நாளுக்கும் நிலைத்த முடிவு அது. வரைந்து பாருங்கள். ஒரு காம்பு, இருபுறமும் ஒரு வளைவு, உள்ளே நரம்புக்கு ஒரு கோடு. ஓவியர் தேவையில்லை, தூரிகையும் தேவையில்லை. கரித்துண்டோ சுண்ணாம்பில் தோய்த்த துணியோ இருந்தால் பள்ளிக்கூடப் பையன் வரைந்துவிடுவான். ரசிகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது.

வாக்குப்பதிவு மே 20. அதற்கு ஒன்பது நாள் முன்னால், மே 11 அன்று, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. எம்.ஜி.ஆரே இயக்கிய படம். ஜப்பானின் எக்ஸ்போ 70 பொருட்காட்சி, ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து என்று சுற்றி எடுத்தது. இதுவும் விஞ்ஞானக் கதைதான். மின்னலின் சக்தியைச் சேமிக்கும் வழி கண்டுபிடித்த விஞ்ஞானி முருகன், அது போருக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சிக் குறிப்புகளை அழித்துவிட்டதாக அறிவிக்கிறான். அசோகன் நடித்த பைரவன் அதை விலைபேசத் துடிக்கிறான். படத்தை வெளிவர விடமாட்டார்கள் என்ற பேச்சு மதுரைச் சீமை முழுக்கப் பரவியிருந்தது. படப்பெட்டி பத்திரமாக வந்துசேர வேண்டும் என்பது ரசிகர்களின் சொந்தக் காரியமாகிவிட்டது. பத்தாண்டுக்கு முன் வேற்றுக்கிரகத்துக்கு மோகனைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், இந்த விஞ்ஞானியைத் தாங்களே காவல் காத்துக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள்.

முடிவு வந்தது. மாயத்தேவர் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஸ்தாபன காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம். ஆளும் தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கம் மூன்றாமிடம். அன்றைக்கு அரசின் மேல் இருந்த அதிருப்திக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஏழு மாதக் கட்சிக்குத் தெருத்தெருவாக ஆள் சேர்த்துக் கொடுத்தவை ரசிகர் மன்றங்கள்தான். ஏழே மாதத்தில் அல்ல, இருபது ஆண்டுகளாகக் கட்டப்பட்டிருந்த மன்றங்கள் அவை.

ரசிகன் கொடுப்பதும் கொடுக்காததும்

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளின் நம்பிக்கையைக் கட்டிப்போட்டது, அவருடைய ஆட்சி அந்த ஏழைகளுக்கு ஈடு செய்யவில்லை என்று வாதிட்டார். அந்த விமர்சனத்துக்குப் பதில் சொல்லாமல் எந்த வரலாற்றாளரும் நகர முடியாது. கப்பலில் இடம் கிடைத்ததாக உணர்வது ஒன்று, கப்பலின் சரக்கில் பங்கு கிடைப்பது வேறு. வ.உ.சி. கொடுத்தது இரண்டாவது. அதனால்தான் தியேட்டர் வசூலை வைத்து அவருடைய தலைமையை அளப்பது தவறு.

ரசிகன் கண்மூடி என்ற முடிவும் தவறு. 1977இல் இரட்டை இலையில் மறுபடி வென்ற மாயத்தேவர், 1980 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. வேட்பாளராக இதே திண்டுக்கல்லில் வென்றார். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். சில மாதம் கழித்து நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் எம்.ஜி.ஆரை மறுபடி ஆட்சியில் உட்காரவைத்தார்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். சிவாஜி கணேசனின் நடிப்பைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மக்களே 1989இல் திருவையாற்றில் அவரைத் தோற்கடித்தார்கள். நடிகருக்குக் கொடுக்க வேண்டிய அன்பைக் கொடுத்துவிட்டு, தலைவருக்குரிய வாக்கைக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

காலம் சில தீர்ப்புகளைத் திருத்தியும் எழுதும். 1964இல் சோர்ந்துபோன ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதே வழியில் வந்து வெள்ளிவிழாக் கண்டது. ‘கப்பலோட்டிய தமிழன்’ வசூலில் பெறாத கூட்டத்தைச் சுதந்திர தின ஒளிபரப்புகளில் வீடுவீடாகப் பெற்றது. இன்று அந்தச் சிறை வாசல் காட்சியைப் பார்க்கும் இளைஞன், வராமல் போன கூட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. தனியே நின்ற வத்தலக்குண்டுக்காரரின் பக்கத்தில் போய் நிற்கிறான். அறுபது ஆண்டு தாமதமானாலும் அந்தக் கப்பலில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

இனி ஒரு தலைவனைத் திரையில் படைக்கப் புறப்படும் இயக்குநர்களுக்கு இந்தச் சீமையின் வரலாறு சொல்வது இதுதான். தலைவனின் வீரத்தை எழுதி முடித்த பிறகு, அவன் கப்பலில் தரை டிக்கெட்காரனுக்கு என்ன வேலை என்பதையும் எழுதுங்கள். அந்தப் பக்கம் காலியாக இருந்தால், எத்தனை கோடி கொட்டினாலும் அந்தக் கப்பல் திண்டுக்கல்லில் நங்கூரம் போடாது.

அடுத்த இதழில், 1991 தமிழ்ப் புத்தாண்டு அன்று வெளியான நூறாவது படம் ஒன்று மதுரைக்கார நடிகர் ஒருவருக்கு ‘கேப்டன்’ பட்டத்தை வாங்கிக் கொடுத்ததையும், அந்தப் பட்டம் 2005இல் கட்சியாக மாறியதையும் பார்ப்போம்.

(தொடரும்)